'எல்லா என்சான்டட்' 9 வயசுக்கு குடுக்கலாமா? குடுக்கலாம், ஆனா முதல்ல நீங்க படிச்சிடுங்க

கேள்வி இதுதான்: 9 வயசுப் பொண்ணு, சின்ட்ரெல்லான்னா உயிர், இங்கிலீஷ் புக் ஓரளவு தானாவே படிக்கிறா, யாரோ 'எல்லா என்சான்டட்' நாவல் வாங்கிக் குடுங்கன்னு சொல்லியிருக்காங்க, ஆனா அதுல ஆரம்பத்துலயே அம்மா செத்துப் போறாங்க, மனுஷன திங்கிற அரக்கர் வர்றாங்க, லவ்வும் இருக்குன்னு கேள்விப்பட்டு தயங்குறீங்க.

என் பதில், குடுங்க. நீங்க சொன்ன மூணுக்கும் பயப்படத் தேவையில்ல, ஒவ்வொண்ணா கீழ சொல்றேன். நீங்க கேக்காத நாலாவது ஒண்ணு இருக்கு, அதுக்குத்தான் தயாரா இருக்கணும். இந்த புக்க படிச்ச பிள்ளைகிட்ட "சாப்பிடு"ன்னு சொன்னா சாப்பிடும், ஆனா நீங்க நெனச்ச மாதிரி சாப்பிடாது. எங்க வீட்ல நடந்தது அது, என் பொண்ணு இப்ப காலேஜ் போறா, இன்னும் முழுசா நிக்கல.

மொதல்ல யார் எழுதினாங்கன்னு சொல்லிடறேன், ஏன்னா கதை எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா பாதி புரிஞ்சிரும். கெய்ல் கார்சன் லெவின், நியூயார்க்ல 1947ல பொறந்தவங்க. எழுத்தாளரா வாழ்க்கைய ஆரம்பிச்சவங்க கிடையாது, நியூயார்க் மாநில அரசாங்கத்துல 27 வருஷம் வேலை பாத்தவங்க, அதுல பெரும்பாலும் அரசாங்க உதவிப் பணத்துல இருக்கிறவங்களுக்கு வேலை தேடிக் குடுக்கிற வேலை. ராத்திரியும் லீவு நாள்லயும் பிள்ளைங்களுக்கு கதை எழுதி அனுப்பிட்டே இருந்திருக்காங்க, 9 வருஷம் அனுப்பினதெல்லாம் திரும்பி வந்திருக்கு. ஒரு எழுத்து வகுப்புல சேர்ந்தப்ப ஏதாவது எழுதியே ஆகணும், கதைக்கரு தோணல, சரி தெரிஞ்ச கதை சின்ட்ரெல்லாவையே எழுதலாம்னு உக்காந்திருக்காங்க. உக்காந்தா அந்தப் பொண்ண இவங்களுக்கு புரியவே இல்ல, பிடிக்கவும் இல்ல. இவ்ளோ கொடுமை பண்றவங்களுக்கு எதுக்கு இவ இப்டி ஓடி ஓடி வேலை செய்யறா, ஒரு தடவையாவது முடியாதுன்னு சொல்ல மாட்டாளா? இந்த எரிச்சல்லதான் நாவலோட கரு கிடைச்சிருக்கு: அவ நல்லவங்கிறதால கேக்கல, கேக்காம இருக்க அவளால முடியாது, ஏன்னா அவமேல ஒரு சாபம் இருக்கு. 1997ல புக்கா வந்துச்சு, அவங்களோட முதல் நாவல், அப்ப அவங்களுக்கு கிட்டத்தட்ட 50 வயசு. அடுத்த வருஷமே, 1998ல, நியூபெரி ஹானர் கிடைச்சது. அமெரிக்க நூலகச் சங்கம் பிள்ளைங்க புத்தகத்துக்கு குடுக்கிற பெரிய கௌரவம் நியூபெரி, வருஷத்துக்கு ஒரு புக்குக்கு மெடல், இன்னும் சில புக்குக்கு ஹானர்.

இப்ப கதை. எல்லான்னு பேரு (நம்ம காதுக்கு கொஞ்சம் சிரிப்பா இருக்கும், எல்லாம் கேக்குற எல்லான்னு ஞாபகம் வெச்சுக்கங்க). பொறந்த அன்னிக்கு லூசிண்டான்னு ஒரு தேவதை வர்றா, குழந்தை அழுதுட்டே இருக்கு, பாவம்னு நெனச்சு ஒரு வரம் குடுக்கிறா: இந்தக் குழந்தை எப்பவும் சொன்ன பேச்சு கேக்கும். குடுத்துட்டு அழாதன்னு சொல்றா, அழுகை நின்னுடுது. லூசிண்டாவுக்கு பெருமை தாங்கல. நம்ம ஊர்ல எந்தத் தாத்தா பாட்டிய வேணா கேட்டுப் பாருங்க, இதவிட பெரிய வரம் வேற என்னம்பாங்க. நாவல்ல பெரும்பாலும் லூசிண்டா அத வரம்னுதான் சொல்லுவா, எல்லாவுக்கு மட்டும் அது சாபம். தமிழ்ல இந்த ரெண்டு வார்த்தையும் பக்கத்துப் பக்கத்துலயே புழங்குறதால பிள்ளைக்கு சொல்லிப் புரியவைக்கிறது ரொம்ப ஈஸி, வரம் வாங்கின அசுரனுக்கு அந்த வரமே வினையாப் போன கதை ரெண்டாவது கேட்டிருக்கும்.

சாபத்தோட விதிமுறை ரொம்ப கறாரா இருக்கு, இதுதான் புக்கோட பலம். யார் வேணா கட்டளை போடலாம். ஆனா நேரடி கட்டளையா இருக்கணும், சால்வைய போத்திக்கன்னு சொன்னா போத்தியே ஆகணும், நீ சால்வை போத்திக்கிட்டா நல்லா இருக்கும்னு ஆசைப்பட்டா அவளுக்குக் கவலையில்ல. தூங்கப் போன்னா போகணும், ஏன் இன்னும் தூங்கப் போகலன்னு கேட்டா கேள்விதானே, போக வேண்டாம். எதுத்து நின்னா தலை சுத்தும், கொமட்டும், மூச்சு முட்டும், கடைசில செஞ்சுதான் ஆகணும். ஒருத்தன் உன் தலைய நீயே வெட்டிக்கன்னு சொன்னாலும் செய்யணும், இத எல்லாவே முதல் அத்தியாயத்துல சாதாரணமா சொல்லிட்டுப் போறா, நமக்குத்தான் பகீர்னு இருக்கும்.

இந்த இடத்துல நான் புக்க கீழ வெச்சுட்டு எங்க வீட்ல ஒரு நாளைக்கு எத்தன கட்டளைன்னு எண்ணிப் பாத்தேன், காலைல எட்டு மணிக்குள்ள எண்ணிக்கை விட்டுப் போச்சு. எந்திரி, பல்லு தேய், ஷூவ மாட்டு, டிபன் பாக்ஸ எடு, கதவ சாத்து. அப்பறம் நம்ம பாஷைல வாழ்த்துறதே கட்டளையாத்தான் இருக்கு, நல்லா இரு, போய்ட்டு வா. திட்டுறதும் கட்டளைதான், போய்த் தொலைன்னு யாராவது வாய் தவறிச் சொன்னா எல்லா நெஜமாவே போய்த் தொலைஞ்சிருப்பா. நம்ம தெருவுல பொறந்திருந்தா அந்தப் பொண்ணு ஒரு வாரம் தாங்கியிருக்க மாட்டா. இன்னொண்ணும் கவனிச்சேன், நாம நெஜமான கண்டிப்பெல்லாம் கேள்வியாத்தான் போடறோம், இன்னும் குளிக்கலயா, சோத்துல விளையாட்டு என்ன விளையாட்டுன்னு, இலக்கணப்படி பாத்தா அதெல்லாம் எல்லாவ ஒண்ணும் பண்ணாது. இத என் பொண்ணு எனக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிட்டா.

அவளோட அஞ்சாவது பிறந்தநாள்ல இந்த சாபம் தன்மேல இருக்குன்னு எல்லாவுக்கு மொதல்ல புரியுது. சமையல்காரம்மா மேண்டி ஆசையா கேக் பண்ணி சாப்பிடுன்னு குடுக்கிறாங்க. சாப்பிடறா. இன்னொரு துண்டு. அதயும் சாப்பிடறா. அப்பறம் யாரும் குடுக்கல, ஆனா யாரும் போதும்னும் சொல்லலயே, அதனால அவளே கேக்குக்குள்ள ஃபோர்க்க விட்டு திண்ணுட்டே இருக்கா, நிறுத்த முடியல. எட்டு வயசுல ஒரு ஃப்ரெண்டுகிட்ட ரகசியத்த சொல்லிடறா, அந்தப் பொண்ணு உடனே அத வெச்சு விளையாட ஆரம்பிக்குது, எல்லா அவ மூக்குல ஒரு குத்து விடறா. அம்மாவுக்கு விஷயம் போய், இனிமே சாபத்தப் பத்தி யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு கட்டளை போட்டுடறாங்க. பாசத்துல போட்ட கட்டளைதான், ஆனா அதுனாலயே பின்னாடி உதவி செய்யக்கூடியவங்ககிட்டகூட அவளால வாயத் திறக்க முடியாம போகுது. நல்ல எண்ணத்துல போடற கட்டளையும் காலக் கட்டும்னு இந்த ஒரு சம்பவம் போதும், லெவின் அத எங்கயும் விளக்கவே மாட்டாங்க, நடந்துட்டுப் போயிடும்.

பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிக்கிற பகுதி இதுக்கடுத்து வருது. கேக்காம இருக்க முடியாது, ஆனா எப்படிக் கேக்கணும்னு யார் சொன்னா? மேண்டி பாதாம் எடுத்துட்டு வான்னா எல்லா ரெண்டே ரெண்டு பாதாம் எடுத்துட்டு வருவா. நான் முட்டை அடிக்கிறேன், இந்தக் கிண்ணத்தப் பிடின்னா பிடிச்சுப்பா, பிடிச்சுட்டே நடக்க ஆரம்பிச்சுடுவா, மேண்டி கரண்டியோட பின்னாடியே ஓடணும். சின்ட்ரெல்லாவ பொறுமைசாலியா மட்டுமே பாத்துப் பழகின பிள்ளைக்கு இது புதுசு. எங்க வீட்ல கதவ சாத்துன்னா வெளிய போய் சாத்திட்டு வெளியவே நிப்பா, நான் திறக்கணும். ஒரு மாசம் நடந்துச்சு.

பழைய கதைய கொஞ்சம் பாத்துட்டு வந்தா லெவின் எத எடுத்து எத மாத்தினாங்கன்னு தெரியும். நாம எல்லாருக்கும் தெரிஞ்ச பூசணிக்கா வண்டி, கண்ணாடிச் செருப்பு, காட்மதர் தேவதை எல்லாம் 1697ல பிரான்ஸ்ல சார்ல் பெரோ எழுதினதுல வந்தது. அதுக்கு ரொம்ப முன்னாடியே 9ம் நூற்றாண்டு சீனாவுல யே ஷியன்னு ஒரு பொண்ணு கதை எழுத்துல பதிவாயிருக்கு, அதுல தேவதைக்குப் பதில் ஒரு மீன், அத சித்தி கொன்னுடறா, எலும்புகிட்ட வேண்டிக்கிட்டா கேட்டது கிடைக்கும், செருப்பு தங்கத்துல. ஜெர்மனில கிரிம் சகோதரர்கள் 1812ல போட்டதுல தேவதையே கிடையாது, அம்மா சமாதில வளர்ந்த மரமும் பறவைங்களும்தான், அக்காங்க செருப்புக்குள்ள கால நுழைக்க ஒருத்தி விரல வெட்டிக்கிறா இன்னொருத்தி குதிகால வெட்டிக்கிறா. உங்க பொண்ணுக்கு எது பயமா இருக்கும்னு யோசிக்கிறீங்கன்னா அந்த ஒரிஜினலவிட இந்த நாவல் எவ்ளவோ சாது.

ஆனா அந்தப் பழைய கதைங்கள்ல நாம கவனிக்காம விடற ஆளு ஒருத்தர் இருக்காரு, அப்பா. 1950ல வந்த டிஸ்னி படத்துல அப்பா செத்துட்டதா காட்டினதால நாம எல்லாரும் அப்படியே நெனச்சுட்டோம். பெரோ கதைல அப்பா உயிரோடதான் இருக்காரு, பொண்டாட்டி பேச்சக் கேக்கிறவரு, சொன்னா நம்மளத்தான் திட்டுவாருன்னு பொண்ணு அவர்கிட்ட வாயே திறக்கல. கிரிம் கதைல இன்னும் மோசம், இளவரசன் வீடு தேடி வந்து வேற பொண்ணு இருக்கான்னு கேக்கிறப்ப, செத்துப்போன பொண்டாட்டிக்குப் பொறந்த ஒரு சின்ன அழுக்குச் சமையக்கட்டுப் பொண்ணு மட்டும்தான் இருக்குங்கிற மாதிரி பேசறாரு பெத்த அப்பா. லெவின் இந்த ஆள விட்டுடல. எல்லாவோட அப்பா சர் பீட்டர் ஒரு வியாபாரி, வாய் சாமர்த்தியம், எதயும் வித்துருவாரு, வீட்ல தங்க மாட்டாரு, மகள பாத்தாலும் இவள எங்க என்ன விலைக்குன்னு கணக்குப் போடற கண்ணு. சிரிச்சுப் பேசுவாரு, அதான் பயங்கரம். சித்தி கதாபாத்திரத்த விட இவர்தான் இந்த நாவல்ல ஞாபகம் நிக்கிற கெட்டவர்னு நான் சொல்வேன், ஆனா முழுசா கெட்டவர்னு சொல்லவும் மனசு வராது, அவ்ளோ நல்லா எழுதியிருக்காங்க.

சரி உங்க மூணு பயத்துக்கு வர்றேன்.

அம்மா சாவு முதல் அத்தியாயங்கள்லயே வந்துடும். எல்லாவுக்கு பதினஞ்சு வயசு ஆகப்போற சமயம், ரெண்டு பேருக்கும் சளிக் காய்ச்சல், மேண்டி ஒரு மருந்து சூப் வெக்கிறாங்க, அதுல யூனிகார்ன் முடி போட்டிருக்கும், அதான் மருந்தே, அம்மா அருவருப்புல அந்த முடிய எடுத்துப் போட்டுட்டு சூப்ப மட்டும் குடிக்கிறாங்க. எல்லா பிழைச்சுக்கிறா, அம்மா போயிடறாங்க. ரத்தம் கிடையாது, வேதனைய நீட்டுறதும் கிடையாது, ஆனா அந்த அம்மா மாடிப்படி கைப்பிடில சறுக்கி விளையாடற அம்மா, அதனால இழப்பு நெஜமா இருக்கும். உங்க வீட்ல சமீபத்துல யாராவது தவறியிருந்தா மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடுங்க, இல்லன்னா ஒண்ணும் பிரச்சனையில்ல.

அரக்கர்னு சொன்னது ஓகர்னு ஒரு இனம். மனுஷன திங்கிறவங்கதான், எல்லாவ பிடிச்சு எந்தப் பகுதி யாருக்குன்னு பேசிக்கிற காட்சி வருது. பயம் கத்தியில இல்ல, குரல்ல இருக்கு: ஓகர் பேச ஆரம்பிச்சா தேன் மாதிரி இருக்கும், நம்ம மனசுல என்ன ஓடுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு நமக்குப் பிடிச்ச மாதிரியே பேசி நாமளே போய் வாயில விழற மாதிரி பண்ணிடுவாங்க. எல்லாகிட்ட அந்த சிரமம்கூட வேண்டாம், ஓடாதன்னு ஒரு வார்த்தை போதும். அவ தப்பிக்கிறது எப்படின்னா, அவங்க பாஷையையும் அவங்க குரலையும் கத்துக்கிட்டு அவங்ககிட்டயே திருப்பிப் பேசறா. கட்டிப்போட முடியாத ஒரே இடம் அவ நாக்கு. பொண்ணுங்ககிட்ட கத்தி குடுத்து வீராங்கனைன்னு காட்டுற புக்கெல்லாம் நெறைய வந்துடுச்சு, அதுக்கு நடுவுல இந்தக் காட்சி எனக்கு எப்பவும் தனி.

ஆனா ஓகர் பயம் ஒரு ராத்திரி. நெஜமா பிள்ளைய கலங்கடிக்கிறது ஹாட்டி. பின்னாடி சித்தி மகளா ஆகப்போறவ. எல்லா கட்டளைய மீற மாட்டாங்கிறத, ஏன்னு தெரியாமலே, கண்டுபிடிச்சிடறா. மொத வேலையா எல்லாவோட அம்மா நெக்லஸ குடுன்னு வாங்கிக்கிறா. ரெண்டு பேரும் நல்ல குடும்பத்துப் பொண்ணுங்களுக்கு நடை உடை தையல் சொல்லித் தர்ற ஒரு ஹாஸ்டல் ஸ்கூல்ல சேர்றாங்க, அங்க எல்லாவுக்கு அரெய்டான்னு ஒரே ஒரு நல்ல ஃப்ரெண்ட் கிடைக்கிறா, வேற நாட்டுப் பொண்ணு, வசதி கம்மி. ஹாட்டி அத பாத்துட்டு, அவளோட நட்ப முடிச்சுக்கன்னு ஒரு வரி சொல்றா. அவ்ளோதான். எல்லாவால ஏன்னு அரெய்டாகிட்ட சொல்லக்கூட முடியாது. இவ அந்த ராத்திரியே ஸ்கூல விட்டு ஓடிப்போறா, ஃப்ரெண்ட் மூஞ்சில முழிச்சு அத செய்யறதுக்கு பதிலா. ஸ்கூல் போற வயசுல எந்தப் பிள்ளைக்கும் இது நேத்து நடந்த மாதிரி இருக்கும், அவகூட பேசாத, பேசினா என்கூட பேசாதன்னு எந்த கிளாஸ்ல நடக்கல. என் பொண்ணு இந்த அத்தியாயத்துல புக்க மூடி வெச்சுட்டு ரெண்டு நாள் தொடல, மூணாவது நாள் ஒரு கிளாஸ்மேட் பேர சொல்லி பேச ஆரம்பிச்சா. அந்தப் பேச்சு வேற எப்படி வந்திருக்கும்னு எனக்குத் தெரியல. பக்கத்துல இருங்கன்னு நான் சொல்றது இந்த இடத்துக்கு.

லவ்வு விஷயம். இளவரசன் பேரு சார்மான்ட், சார்னு கூப்பிடுவாங்க (தமிழ்ல சத்தமா படிச்சா ஸ்கூல் வாத்தியார கூப்பிடற மாதிரி இருக்கும், எங்க வீட்ல அதுக்கு தனியா சிரிப்பு). மொத தடவ பாக்கிறது அம்மாவோட அடக்கத்தன்னிக்கு, அங்கயே அழற பொண்ணுக்கு துணையா உக்கார்றான், கண்டதும் காதல் எல்லாம் கிடையாது. பழைய அரண்மனைல ரெண்டு பேரும் சேர்ந்து சுத்திப் பாக்கிறப்ப கண்ணாடிச் செருப்பு கிடைக்குது, படிக் கைப்பிடில சறுக்குறாங்க, ஒருத்தர ஒருத்தர் சிரிக்க வெக்கிறாங்க. அப்பறம் அவன் ஒரு வருஷம் வேற நாட்டுக்குப் போறான், லெட்டர் எழுதிக்கிறாங்க. முத்தத்தத் தாண்டி ஒண்ணும் இல்ல. டான்ஸ் ராத்திரி, செருப்பு, பன்னெண்டு மணி எல்லாம் கடைசில வேகமா வந்து போகுது, அதுக்குள்ள நமக்கு இந்த ரெண்டு பேரையும் அவ்ளோ நல்லா தெரியும்கிறதால செருப்பு பொருந்துதாங்கிறது பெரிய விஷயமாவே தோணாது.

நீங்க தனியா உக்காந்து பேச வேண்டிய பகுதி வேற ஒண்ணு. அப்பாவுக்கு வியாபாரத்துல எல்லாம் போயிடுது, பணக்கார மாப்பிள்ளை தேடறாரு, எல்லாவவிட ரொம்ப வயசான ஒரு ஜமீன்தார் மாதிரி ஒருத்தருக்குக் கட்டிக் குடுக்கப் பாக்கிறாரு. அதுவும் எப்படி, சாப்பிட்டா எதிர்ல இருக்கிறவங்க மேல அன்பு பொங்கற ஒரு காளானை அவ சாப்பாட்டுல போட்டு, சாப்பிடுன்னு சொல்லி. அந்தக் கிழவர் கெட்டவர் இல்ல, காமெடியாதான் எழுதியிருக்காங்க, கல்யாணமும் நடக்கல, கடைசில அப்பாவே பணத்துக்காக ஹாட்டியோட அம்மாவக் கட்டிக்கிறாரு. ஆனா சாப்பாட்டுல எதையோ கலந்து மனச மாத்துறதுங்கிறது 9 வயசுக்கு சிரிப்பு, 12 வயசுக்கு கேள்வி. கேட்டா பதில் சொல்லத் தயாரா இருங்க, கேக்கலன்னா நீங்களா கிளற வேண்டாம்னு என் அபிப்பிராயம்.

லூசிண்டா பத்தி சொல்லாம விட்டா பாவம். அவ கெட்டவளே இல்ல, அதான் தமாஷ். கல்யாணத்துக்கெல்லாம் அழைக்காமலே போயி பெரிய பெரிய வரமா குடுத்து ஊரக் கெடுப்பா, யார் என்ன சொன்னாலும் காதுல ஏறாது. எல்லா தேடித் தேடிப் போயி, ஒரு ராட்சசக் குடும்பத்துக் கல்யாணத்துல (இவங்க ஓகர் இல்ல, வேற இனம்) அவளப் பிடிச்சு, இந்த வரம் வேண்டாம்னு கெஞ்சினா, உனக்கு என்ன வரம் குடுத்திருக்கேன் தெரியுமா, சந்தோஷமா கீழ்ப்படின்னுடறா. அதுவும் கட்டளையாச்சே! அதுக்கப்பறம் எல்லா சிரிச்சுக்கிட்டே எல்லாத்தையும் செய்யற அந்த சில பக்கம்தான் புக்லயே எனக்கு ரொம்ப கிலி பிடிச்சது, ஓகரெல்லாம் பக்கத்துல நிக்க முடியாது. (மேண்டிதான் அத கண்டுபிடிச்சு சந்தோஷமா இருக்க வேண்டாம்னு சொல்லி விடுவிக்கிறாங்க.) பின்னாடி மேண்டி சவால் விட்டு, லூசிண்டா தன்னோட வரத்த தானே அனுபவிச்சுப் பாக்கிறா, மூணு மாசம் அணிலா, மூணு மாசம் சொன்ன பேச்சு கேக்குற பொண்ணா. வந்து சொல்ற கதைய படிங்க. அப்பவும் பாருங்க, வருந்துறா, ஆனா சாபத்த எடுக்க மாட்டா, பெரிய மந்திரமே இனி பண்ண மாட்டேன்னு முடிவெடுத்துட்டாளாம். பெரிய மந்திரம் செஞ்சா அது எங்கெங்க போய் எதெத இடிக்கும்னு தெரியாதுங்கிறதுதான் மேண்டியோட கொள்கையும், அவங்களும் தேவதைதான், ஆனா சூப்புக்கு மேல எதுக்கும் மந்திரம் போட மாட்டாங்க. ஆக சாபத்த எடுக்க எல்லாவுக்கு வெளிய இருந்து ஒரு உதவியும் வராது.

முடிவ சொல்லவா வேண்டாமான்னு யோசிச்சேன், பெத்தவங்களுக்குத்தானே எழுதறேன், சொல்லிடறேன். சார் லெட்டர்ல கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேக்கிறப்ப அவளுக்கு சந்தோஷம், அடுத்த நிமிஷமே புரியுது, தன்னக் கட்டிக்கிட்டா யார் வேணா தன்கிட்ட கட்டளை போட்டு அவனக் கொல்ல வெக்கலாம், நாட்டயே அழிக்கலாம். அதனால தான் ஒரு பணக்காரக் கிழவனோட போயிட்டதா ஹாட்டி பேர்ல தானே பொய் லெட்டர் எழுதி அவன வெறுக்க வெக்கிறா. கடைசில அவன் செருப்போட வீட்டுக்கே வந்து, பாசத்துல, என்னக் கட்டிக்க எல்லான்னு சொல்லிடறான். அவனுக்குத் தெரியாது அது கட்டளைன்னு. உடம்பு முழுக்க சரின்னு சொல்ல துடிக்குது, சொல்லணும்னு ஆசையும் இருக்கு, இருந்தும் அவன காப்பாத்த முடியாதுன்னு சொல்றா. சொல்லிட்டா. சாபம் அங்க உடையுது. ஆசைப்பட்டதுக்கே இல்லன்னு சொல்லித்தான் விடுதலை, இப்படி ஒரு முடிச்ச நான் வேற எந்த சின்ட்ரெல்லாவுலயும் பாத்ததில்ல.

இதுல ஒரு குறை சொல்றவங்க இருக்காங்க, தனக்காக எத்தன தடவ முயற்சி பண்ணியும் உடைக்க முடியாதவ ஒரு ஆம்பளைக்காக உடைச்சான்னா என்ன பெண்ணியம்னு. நியாயமான கேள்வி. நான் படிச்ச வரைக்கும், அவ முடியாதுன்னு சொன்னது அவன்கிட்டயேதான், அவனுக்குப் பிடிச்ச பதில சொல்லல. அப்பறம் சாபம் போனதும் இவளே அவன்கிட்ட கட்டிக்கிறியான்னு கேக்கிறா. கல்யாணத்துக்கு அப்பறம் இளவரசின்னு பட்டம் வேண்டாம்னுட்டு அரண்மனை மொழி அறிஞர், சமையல் உதவியாளர்னு ரெண்டு பட்டம் தானே வெச்சுக்கிறா. எனக்கு அது போதும், உங்களுக்கு போதலன்னா பொண்ணோட சண்டை போடறதுக்கு நல்ல டாபிக்.

மொழி அறிஞர் சும்மா ஒட்டவெச்சது கிடையாது, புக் முழுக்க அவ பாஷைப் பைத்தியம். ராஜாவோட மிருகக்காட்சி சாலைல இருக்கிற கிளிங்ககிட்ட வேத்து பாஷையெல்லாம் கத்துக்கிறா. லெவின் ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு பாஷை சும்மா பேருக்குன்னு இல்லாம ஒழுங்கோட பண்ணியிருக்காங்க, அயோர்த்தா நாட்டு வார்த்தைங்க எந்த உயிரெழுத்துல ஆரம்பிக்குதோ அதுலயே முடியும், நோம்னு சொல்ற குள்ளர் பாஷைல பெரிய எழுத்து வார்த்தையோட கடைசில வரும், முற்றுப்புள்ளி வாக்கியத்துக்கு முன்னாடி நிக்கும். ரெண்டு பாஷை பேசற வீட்டுப் பிள்ளைங்களுக்கு இது பிடிச்சுடும், ஒரு வாரத்துக்கு அவங்களே ஒரு பாஷை செஞ்சு நம்மள படுத்துவாங்க. சத்தமா படிச்சுக் காட்டுறீங்கன்னா அந்த வரிய எப்படிப் படிக்கிறதுன்னு கவலைப்படாதீங்க, தொண்டைல கரகரன்னு ஏதாவது சத்தம் போடுங்க, அவங்களுக்கு அதான் வேணும்.

அளவுன்னு பாத்தா இருநூத்திச் சொச்சம் பக்கம், சின்னச் சின்ன அத்தியாயம், எல்லாவே சொல்ற மாதிரி எழுதினது, வாக்கியம் நீளம் கிடையாது. உங்க பொண்ணு தனியா திணறினா ராத்திரிக்கு ஒரு அத்தியாயம் நீங்க படிங்க, ஒரு மாசத்துல முடிஞ்சிரும். அதுவும் இப்ப வேண்டாம்னு தோணிச்சுன்னா இதே லெவின் சின்னப் பிள்ளைங்களுக்குன்னு எழுதின குட்டிக் கதைங்க இருக்கு, 'தி ஃபேரிஸ் மிஸ்டேக்' 1999ல வந்தது, நல்ல பொண்ணு பேசினா வாயிலேர்ந்து ரத்தினம் கொட்டும், கெட்ட பொண்ணு பேசினா பாம்பும் தேரையும் கொட்டும்ங்கிற பழைய கதைய எடுத்து, ரத்தினம் கொட்டுற பொண்ணு நிலைமதான் மோசம்னு காட்டுற தமாஷ். அத குடுத்து ருசி பாருங்க. 'ஃபேரஸ்ட்' 2006ல வந்தது ஸ்னோ ஒயிட் கதை, அரெய்டாவோட வீட்டுக்கதை, அழகு பத்தினது, அது பன்னெண்டு வயசுக்கு மேல வெச்சுக்கங்க.

2004ல ஆன் ஹாத்தவே நடிச்சு படம் வந்திருக்கு, பொண்ணு எப்படியும் அத கண்டுபிடிப்பா. படம் ஜாலியான படம், பாட்டு டான்ஸெல்லாம் உண்டு, ஆனா புக்குக்கும் அதுக்கும் பேர் ஒற்றுமைதான் ஜாஸ்தி. புதுசா ஒரு வில்லன் சித்தப்பா, பேசற பாம்பு. சாபம் உடையறதும் வேற, கண்ணாடில தன்ன பாத்து தனக்கே கட்டளை போட்டுக்கிறா. புத்திசாலித்தனம்தான், இருந்தாலும் புக்ல அந்த முடியாதுங்கிற வார்த்தைக்கு அவ படற பாடு அதுல கிடையாது. படத்த மொதல்ல பாத்துட்டா புக்க படிக்கிறப்ப பாம்பு எப்ப வரும்னு கேட்டுட்டே இருப்பா, அதனால புக் மொதல்ல.

இன்னொண்ணு, அந்த பிறந்தநாள் கேக் பக்கத்த அவ படிக்கிற அன்னிக்கு மட்டும் தட்டுல சோத்தப் போட்டு சாப்பிடுன்னு சொல்லாதீங்க. சாப்பிடறியான்னு கேளுங்க. ரெண்டுக்கும் இருக்கிற வித்தியாசம் அன்னிக்கு அவளுக்கு ரொம்ப நல்லா தெரியும், நீங்க எத சொல்றீங்கன்னு பாத்துட்டே இருப்பா.